பதுங்குகுழியில் கடைசி ரீல்

சைரன் ஊதியபோது
திரையில் மாமன்காரன்
ஏழு தலைமுறைப் பேர் கேட்டுக்கொண்டிருந்தான்.
மாமனுக்கு ஒற்றைக் கண்ணில் கண்ணாடி.
எதிரே கப்பலில் கரி அள்ளும் மாப்பிள்ளை,
இரவல் கோட்டு, கை முழங்கையோடு நின்றுவிட்டது.
"எங்கப்பன் கரி அள்ளினான், அவனப்பனும் கரி அள்ளினான்,
அதுக்கு முந்தி நாங்களே கரிதான்"
என்றான் அவன்.
அல்லது அப்படிச் சொன்னதாக
ஞானப்பிரகாசம் சொன்னார்.

இங்கிலீசுப் படத்துக்குத் தமிழ் சொல்ல
கொட்டகை முதலாளி வைத்த ஆள் அவர்.
நாளுக்கு நாலணா, இடைவேளையில் ஒரு டீ.
திரையோரம் முக்காலி போட்டுத்
தகரக் குழலை வாயில் வைத்தால்
சீமைத் துரைசானி வண்ணாரப்பேட்டை பேசுவாள்.
அவள் ஒரு சொல் பேச இவர் பத்துச் சொல் பேசுவார்,
முத்தமிட்டால் மட்டும்
இருமிவிடுவார்.

யுத்த வருஷம். தெருவிளக்குக்கெல்லாம் கறுப்புக் குல்லாய்.
பாதிப் பட்டணம் மூட்டை கட்டி ரயிலேறிவிட்டது.
போக ஊர் இல்லாதவர்கள் படத்துக்குப் போனோம்.
துறைமுகத்தில் கரி இறக்கிவிட்டு
மூக்குக்குள் இன்னும் கரியோடு
மணலில் உட்கார்ந்திருந்தேன், ஒன்றரையணா.
என் வேலைக்கு ஒரு கதாநாயகி கிடைத்ததை
அன்றுதான் பார்க்கிறேன்.

ராஜகுமாரிதான், நாடுதான் இல்லை;
யாரோ பிடித்துக்கொண்டார்கள்.
ரயிலடி டீக்கடையில் பேரை மாற்றிக்கொண்டு
கோப்பை கழுவுகிறாள், கழுவத் தெரியாமல் உடைக்கிறாள்.
உடைந்ததற்கெல்லாம் அவன் காசு கொடுக்கிறான்.
ஆறாவது கோப்பையில் காதல்.

அப்புறம் மாமன். அப்புறம் சைரன்.

கொட்டகைக்குப் பின்னால் வெட்டிய குழியில்
முழங்கால் வரை மழைத்தண்ணீர்.
ராஜகுமாரியை அந்தரத்தில் விட்டுவிட்டு
அறுபது பேர் இருட்டில் நிற்கிறோம்.
வானத்தில் உறுமியது ஏரோப்ளேனா, பீச் ரோட்டு லாரியா,
தெரியவில்லை.
ஒருவன் கேட்டான்:
"யோவ், கட்சீல இன்னாச்சுய்யா? சொல்லிட்டு சாவு!"

ஞானப்பிரகாசமும் கடைசி ரீலைப் பார்த்ததில்லை.
ஆனால் நாலணா வாங்கியவர்.
தொண்டையைச் செருமிக்கொண்டார்:
"அந்த அம்மா கிரீடத்தைக் கழற்றி
மிண்ட் தெரு சேட்டுகிட்ட அடகு வெச்சிட்டு,
பையனோட கிளம்பிட்டாங்க."

இருட்டில் ஒரு பெண் குரல்:
"ஏ பெரியவரே, அடுப்பு ஊதத் தெரியாதவ
கரிக்காரன் வூட்ல இன்னா பண்ணுவா?"

அவர் விழித்திருப்பார். நான் சொன்னேன்:
"அவன் ஊதுவான்."
"சோறு?"
"அவனே வடிப்பான்."
"அப்ப இவ இன்னாத்துக்கு?"

தண்ணீரில் ஏதோ என் காலை உரசிப் போயிற்று.

"கோப்ப ஒடைக்க" என்றேன்.

குழி முழுக்கச் சிரித்தது.
குண்டு விழுந்திருந்தால் சிரித்தபடியே போயிருப்போம்.
அபாயம் நீங்கிய சங்கு ஊதியும்
விளக்கேற்ற விடவில்லை.
முகம் தெரியாமல் எல்லோரும் கலைந்தோம்;
சலவைச்சோடா வாசம் ஒன்று
எனக்கு முன்னால் நடந்து போயிற்று.

மறுநாள் படம் பெரம்பூருக்குப் போய்விட்டது,
சைக்கிள் கேரியரில், ஏழு டப்பா.
நான் அந்த வாசத்தைத் தேடி
சலவைத்துறைப் பக்கம் நாலு நாள் சுற்றினேன்.
ஐந்தாம் நாள் கல்லில் துணி அடித்துக்கொண்டே
"கோப்பக்காரன்தான நீ?" என்றது அதே குரல்.

கொருக்குப்பேட்டையில் அவளுக்கும் ஒரு மாமன்.
அவனும் பரம்பரை கேட்டான்.
நாங்களே கரிதான் என்றேன்.
அவன் சிரிக்கவில்லை; படம் பார்த்ததில்லை.
சம்மதிக்க இரண்டு வருஷம் ஆயிற்று,
அதற்குள் யுத்தமே முடிந்துவிட்டது.

பேர் தேசம்மா.
'நாடிழந்த நங்கையைக் காணச் சென்றவன்
தேசத்தோடு திரும்பினான்' என்று
கல்யாணத்தில் வாழ்த்துப்பா படித்தார் ஞானப்பிரகாசம்.
பந்தியில் ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

வெகுகாலம் கழித்து அதே படம்
காலைக்காட்சிக்கு வந்தது. போகலாமா என்றேன்.
"வாணாம்" என்றாள்.
"அங்க அவ நாட்டுக்கே திரும்பிப் போயிருந்தா?"

நேற்று அவள் கையிலிருந்து ஒரு டம்ளர் நழுவியது.
எவர்சில்வர். உருண்டு போய்
கதவோரம் நின்றது, ஒரு நசுங்கல்கூட இல்லாமல்.
குனிந்து எடுத்துப் பார்த்துவிட்டு,
"சே" என்றாள்.